பள்ளி மூடியிருக்கும் நாட்களில் வீட்டில் என்ன செய்வது: ஆன்லைனா, டிவியா, ஆப்பா, ஒர்க்‌ஷீட்டா, ட்யூஷனா, தாயக்கட்டையா?

காலை ஆறு மணிக்கு ‘ஆட்சியர் அறிவிப்பு’ என்று வாட்ஸப்பில் வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். யார் லீவு போடுவது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதெல்லாம் ஒரு பக்கம். ஒரு நாள் இரண்டாகி, இரண்டு நான்காகிவிட்டால் வருகிற கேள்வி வேறு. "அக்கா, இப்படியே விட்டா படிச்சது எல்லாம் மறந்துடுமே, ஆப் ஏதாவது வாங்கிடவா? ட்யூஷன் விடவா? இல்ல, லீவுதானேன்னு சும்மா விட்டுடவா?" இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இதைக் கேட்டவர்களுக்குத் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால், சரி, ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கடலூர்க்காரி. 2ஆம் வகுப்பில் ஒரு மகள், 5ஆம் வகுப்பில் ஒரு மகன். ஆசிரியர் படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைத் தெருவிலேயே சொல்லித்தரத் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளை வாசலில் பாய் விரித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, 2020 மார்ச் நடுவில், 1ஆம் வகுப்பை முடிக்காமல் வீட்டுக்குப் போன குழந்தைகள் 2021 நவம்பர் 1ஆம் தேதி வகுப்புகள் மறுபடி திறந்தபோது 3ஆம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஏறக்குறைய இருபது மாதம். அந்தப் பிள்ளைகள்தான் என் பாயில் வந்து உட்கார்ந்தவர்கள்.

அவர்களில் ஒரு பெண். வீட்டில் டேப்லெட், வைஃபை, விடாமல் ஆன்லைன் வகுப்பு, எல்லாம் இருந்திருக்கிறது. ‘கெ’ எது ‘கே’ எது என்று அவளுக்குத் தடுமாற்றம். இன்னொரு பையன். வீட்டுக்கே ஒரு போன், அதையும் அப்பா காலையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவனோ தடங்கலில்லாமல் வாசித்தான். எப்படிடா என்று கேட்டால், பாட்டிக்குக் கண்புரை, தினமும் டீக்கடையிலிருந்து பழைய பேப்பர் வாங்கி வந்து இவன்தான் வாசித்துக் காட்டவேண்டுமாம். "தப்பா படிச்சா பாட்டிக்குப் புரியாது, திரும்பப் படின்னு சொல்லும்" என்றான். கீழே நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டிதான் அளவுகோல்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் விலையைப் பார்க்கிறோம். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

முதலில் பார்க்கவேண்டியது பெரியவரின் நேரம். பிள்ளையோடு உட்கார உங்களுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் இருக்கிறது? ஆசைக்குச் சொல்லும் கணக்கு வேண்டாம். சமையல், வேலை, வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் போக மிஞ்சுவது இருபது நிமிடம் என்றால் இருபது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிள்ளை தானாக வாசிக்குமா என்பது. வகுப்பு எண் இதற்குப் பதில் சொல்லாது. முந்தின வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டித் திணறினால் அந்தப் பிள்ளை இன்னும் ‘படிக்கக் கற்கும்’ கட்டத்தில் இருக்கிறது, சரளமாகப் போனால் ‘படித்துக் கற்கும்’ கட்டத்துக்கு வந்துவிட்டது. முதல் வகைப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எந்தப் பொருளை வாங்கிக் கொடுத்தாலும் வீண்.

மூன்றாவது, எத்தனை நாள் மூடல். மழைக்கு இரண்டு நாள், புயலுக்கு ஒரு வாரம், தொற்றுநோய்க்கு மாதக்கணக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. நான்காவது, கரண்ட் போனால் என்ன ஆகும். பள்ளியை மூடவைக்கிற அதே காற்றுதான் கம்பத்தையும் சாய்க்கிறது என்பதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஐந்தாவது, பிள்ளை தப்பாகச் செய்தால் அதே நாளில் யார் கண்ணில் படும்.

இந்த ஐந்துக்கும் அப்புறம்தான் பணம்.

## பள்ளி நடத்தும் ஆன்லைன் வகுப்பும் வாட்ஸப் வீட்டுப்பாடமும்

இதன் பெரிய பலம், பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர் பேசுகிறார். கூடப் படிக்கும் பிள்ளைகளின் முகம் தெரிகிறது. கொரோனா காலத்தில் என் மகன் பாடத்தைக் கவனித்தானோ இல்லையோ, நண்பன் வீட்டு நாய்க்குட்டியைப் பார்ப்பதற்காகவே வகுப்பில் சேருவான். மாதக்கணக்கில் வீட்டில் அடைந்து கிடக்கும் குழந்தைக்கு அதுவும் தேவைதான்.

ஆனால் எவ்வளவு நேரம்? 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலே 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. உங்கள் பள்ளி காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை 2ஆம் வகுப்புக்குத் திரை வைத்து நடத்தினால், அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெளியே தெரியாத செலவு எதில் என்றால், சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்பது அம்மாவுக்கும் சேர்த்துத்தான் வகுப்பு. மைக்கை அணைக்க, திறக்க, எந்தப் பக்கம் என்று காட்ட, "மிஸ் என்ன சொன்னாங்க" என்று கேட்கும்போது பதில் சொல்ல, யாராவது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். வாட்ஸப்பில் வரும் ஒர்க்‌ஷீட்டை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்கு ஓட்டம், கடை மூடியிருந்தால் போனைப் பார்த்துக் கையால் நோட்டில் எழுதிக் கொடுப்பது, அப்புறம் முடித்ததைப் படம் பிடித்து அனுப்புவது. இரவு பத்து மணிக்கு ‘இன்னும் 12 பேர் அனுப்பவில்லை’ என்று குழுவில் செய்தி வரும்போது, பிள்ளை தூங்கிவிட்டதால் அம்மாவே இடது கையால் கோணல்மாணலாக எழுதி அனுப்பிய கதை எனக்குத் தெரிந்து மூன்று உண்டு. அதில் ஒன்று என்னுடையது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து எங்கள் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, பள்ளிக் குழுவில் மட்டும் பிடிஎஃப் வந்து குவிந்துகொண்டிருந்தது. போனில் பதினெட்டு சதவீதம் சார்ஜ். அதை வைத்து அக்கா வீட்டுக்குப் பேசுவதா, பெருக்கல் கணக்கு இறக்குவதா?

ஆகவே, மழை விடுமுறைக்கு இது கடைசித் தேர்வு. மூடல் மாதக்கணக்கில் நீண்டால், தானாக வாசிக்கும் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைக்கு, இது முதல் தேர்வாகக்கூட இருக்கலாம்.

## கல்வித் தொலைக்காட்சி, யூடியூப், திக்‌ஷா

தமிழக அரசின் பாடச் சேனலான கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டதால், பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டுக்குக் கையில் ஏதோ ஒன்று இருந்தது. போன் இல்லாத பல வீடுகளிலும் டிவி இருந்தது. நேரத்துக்குப் பார்க்கத் தவறினால் யூடியூபிலும் கிடைக்கும். 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கட்டம் இருக்கிறதே, அதை மத்திய அரசின் திக்‌ஷா ஆப்பில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். மூன்று வருடம் அந்தக் கட்டத்துக்குப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அரசுப் பாடப்புத்தகங்கள் முழுதும் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. வேறு பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குக்கூட அந்தத் தமிழ்ப் புத்தகங்களை நான் சிபாரிசு செய்வேன்.

குறை என்ன? வீடியோவுக்குக் காது கிடையாது. நம் பிள்ளை சொல்வது அதற்குக் கேட்காது. மண் எப்படி அரிக்கிறது, நிலா ஏன் தேய்கிறது, இங்கிலீஷ் பாட்டு இவற்றுக்கெல்லாம் அருமை. எழுத்து வாசிக்கவோ கடன் வாங்கிக் கழிக்கவோ கற்றுக்கொள்வதற்கு, தலையாட்டிக்கொண்டு பார்த்தால் மட்டும் போதாது.

செலவு இரண்டு விதம். ஒன்று டேட்டா, மணிக்கு அரை ஜிபி, படம் தெளிவாக வைத்தால் அதற்கு மேலும் போகலாம், தினக்கணக்கு பிளானில் அப்பாவின் வேலைக்கு மிஞ்சாது. இன்னொன்று, பாடம் முடிந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும் அடுத்த வீடியோ. பத்து நிமிட அறிவியலில் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் யாரோ ஒருவர் மிட்டாய் டப்பா பிரித்துக் கொண்டிருப்பார். 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் ஆலோசனை. பாட வீடியோவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

நான் செய்வது: மழைக்கு முன்பே நாலைந்து வீடியோவை இறக்கி வைத்துக்கொள்வேன். போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன், பதில் வீடியோவுக்குள் இருக்கும். முடிந்ததும் மகன் எனக்குப் பதில் சொல்லவேண்டும், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பெரியவர் நேரம் பத்து நிமிடம்கூட ஆகாது.

## கட்டண ஆப்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு விடுமுறை நேரத்துக்காக இதை வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு நாள் மழைக்கு ஒரு வருடச் சந்தாவா? ‘இலவச டெமோ’ என்று ஆரம்பித்து, மாதத் தவணை, கணக்கிலிருந்து தானாகக் கழியும் அனுமதி என்று போய் முடிந்த வீடுகள் நிறைய. 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே, ‘இலவசம்’ என்ற பேச்சையும் தானியங்கிப் பணப்பிடித்தத்தையும் யோசித்துக் கையாளுங்கள் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது.

இன்னொரு நஷ்டம் கையெழுத்து. நான்கு விடையில் ஒன்றைத் தட்டிக்கொண்டே இருக்கும் விரலுக்குப் பென்சில் பிடிக்கும் பழக்கம் குறைந்துவிடுகிறது. தப்பாகத் தட்டினாலும் மறுபடி தட்டினால் சரியாகிவிடும் என்று பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், அப்புறம் யோசிப்பது நின்றுபோகும். வாய்ப்பாடு வேகமாகச் சொல்லிப் பழக, ஏற்கெனவே கணக்கு பிடித்த பிள்ளைக்கு, அதுவும் மாதாமாதம் நிறுத்திக்கொள்ளக்கூடிய ஒன்று என்றால் சரி.

## ஒர்க்‌ஷீட், பயிற்சி நூல்

கரண்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலையில் இரண்டு பக்கம் மடித்து வைத்துவிட்டுப் போகலாம். பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும். எழுதுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சிக்கல் திருத்துவதில். என் பாயில் உட்கார்ந்த ஒரு பிள்ளையின் நோட்டில் இருபது கழித்தல் கணக்கு, இருபதும் அழகான கையெழுத்து, இருபதும் தப்பு. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறாள், எது மேலே எது கீழே என்று பார்ப்பதில்லை. முதல் கணக்கிலேயே யாராவது பார்த்திருந்தால் ஒரு தப்போடு போயிருக்கும். இருபது முறை எழுதியதால் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. இப்படித் திருத்தாத ஒர்க்‌ஷீட் தப்பைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கும்.

அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி போதுமாக இருந்தது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. "இதிலேர்ந்து எனக்கு 27 குச்சி கொடு." இரண்டு கட்டு கொடுத்தாள், உதிரி ஏழு இல்லை, என்னைப் பார்த்தாள், நான் பேசவில்லை. ஒரு கட்டைப் பிரித்தாள். ‘கடன் வாங்குவது’ என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. ஆசிரியர்கள் இதைப் பல வருடமாகச் செய்துவருகிறார்கள், நான் கண்டுபிடித்ததில்லை.

எந்த நிலைக்கான தாள் என்பதும் முக்கியம். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 2022 ஜூனில் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள், வகுப்பை வைத்து இல்லை, தெரிந்ததை வைத்து. வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். 3ஆம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு 1ஆம் வகுப்புத் தாள் கொடுப்பதில் எந்த அவமானமும் இல்லை. வகுப்பு எண் போட்ட அட்டையை மட்டும் கிழித்துவிடுங்கள், பிள்ளைக்கு ரோஷம் உண்டு.

இருபது கணக்கு வேண்டாம், ஐந்து போதும், ஆனால் அன்று இரவே பார்த்துவிடுங்கள்.

## பக்கத்துத் தெரு ட்யூஷன்

இதைப் படிப்பு என்று பார்க்கிறீர்களா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் என்று பார்க்கிறீர்களா என்று உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டுமே நியாயமான தேவை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஒரு வாரத்துக்கு மேல் நீளும் மூடலில், நம்பிக்கையான ஒரு அக்காவின் வீட்டில் நான்கு மணி நேரம் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்பதே கொடுக்கும் காசுக்குத் தகும்.

படிப்பு என்று பார்த்தால், அங்கே எத்தனை பேர், எப்படி உட்காருகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளி கொடுத்த வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவதோடு சரி. கேள்விக்கு பதில் மனப்பாடம் ஆகியிருக்கும், அதே பதிலை வேறு மாதிரி கேட்டால் பிள்ளை விழிக்கும். இல்லம் தேடிக் கல்வியில் ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். இருபது பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆகவே ட்யூஷன் அக்காவைக் குறை சொல்லவில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தினமும் அஞ்சு நிமிஷம் இவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேக்க முடியுமா?" முடியும் என்றால் விடுங்கள்.

தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அங்கேயும் அனுப்பமுடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

## கதை, தாயம், அடுப்படி, மழை

என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. அதனால் இதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றிலும் அதிகம் பெரியவர் நேரம் கேட்பது இதுதான். வீடு குப்பையாகும். அண்ணன் தங்கை சண்டை வரும். "நாளெல்லாம் விளையாட்டுத்தானா" என்று மாமியார் கேட்பார். பள்ளி திறந்ததும் மிஸ் இதற்கு மார்க் போடமாட்டார். இதில் எழுத்துவேலை கிடையாது, அதற்குத் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்கவேண்டும்.

அப்புறமும் ஏன் சொல்கிறேன் என்றால், இதில் எதிரே ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும், தப்பு அங்கேயே அப்போதே தெரிந்துவிடும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை? 2ஆம் வகுப்புப் பிள்ளை எண்ணியே 70 என்று சொல்லட்டும். நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கவேண்டும், அதற்கு எல்லாக் குழியிலும் கண் இருக்கவேண்டும். முதல் ஆட்டம் முடிந்தது, என்னிடம் 43, மகளிடம் 27. இப்போது அவரவர் குழியை மறுபடி ஐந்தைந்தாக நிரப்பவேண்டும். அவளுக்கு ஐந்து குழி நிரம்பி இரண்டு கொட்டை மிஞ்சும், இரண்டு குழி காலி. 27-ஐ ஐந்தால் வகுத்தால் ஈவு ஐந்து, மீதி இரண்டு என்பதைப் பள்ளியில் இன்னும் சொல்லித்தரவில்லை, அவள் ஏற்கெனவே செய்துவிட்டாள், அதுவும் அழுதுகொண்டே. பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸ் வட்டம் போதும்.

தாயத்தில் இரண்டு கட்டையையும் கூட்டவேண்டும், எந்தக் காயை நகர்த்தினால் வெட்டலாம் என்று முன்கூட்டி எண்ணவேண்டும். ஆடுபுலி ஆட்டம் 5ஆம் வகுப்புப் பையனுக்கு. மூன்று புலி, பதினைந்து ஆடு. என் மகன் எப்போதும் புலிதான் கேட்பான். ஆட்டை வைத்துக்கொண்டு பொறுமையாக வளைத்துப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று புரிய அவனுக்கு மூன்று மழை விடுமுறை ஆனது.

வாசிப்புக்கு அரசுப்பள்ளி வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் கையில் கிடைத்தால் விடாதீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசம், முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லையா? மளிகைக்கடை ரசீது, பால் கவர், ஊறுகாய்ப் பாட்டில், கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் ‘நிகழும் மங்களகரமான’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பிள்ளைக்கு மெய்யெழுத்து, உயிர்மெய் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும்.

மழையையே பாடமாக்குவது மகனுக்கு மிகவும் பிடித்தது. பக்கவாட்டு நேராக இருக்கும் டப்பா ஒன்று, பக்கத்தில் வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் ஒன்று, மரமும் கூரையும் இல்லாத இடத்தில் மாடியில் வைத்தோம். காலை 8.30 மணிக்கு ஸ்கேல் வைத்து அளந்தோம், வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் முந்தின 24 மணி நேரக் கணக்கை எடுக்கிறது. டம்ளரில் உயரம் அதிகம். "அப்போ டம்ளர்ல மட்டும் நிறைய மழை பேஞ்சுதா?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவனே ஒரு பெரிய டப்பா, ஒரு சின்ன டப்பா, இரண்டும் நேரானது, எடுத்து வைத்தான். இரண்டிலும் ஒரே உயரம் வந்தது. அப்புறம் கடலூருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று செய்தியில் பார்த்து, நம் கணக்கு ஏன் கொஞ்சம் மாறுகிறது என்று இரவு வரை சண்டை. இதற்கு நான் கொடுத்த நேரம் காலையில் ஐந்து நிமிடம்.

## ஒரே பார்வையில்

| வழி | பெரியவர் நேரம் | கரண்ட் போனால் | வெளியே தெரியாத செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| ஆன்லைன் வகுப்பு | சின்ன வகுப்புக்கு முழு நேரமும் | நின்றுவிடும் | அச்சு, டேட்டா, அம்மாவின் இரவு | நீண்ட மூடல், 4, 5ஆம் வகுப்பு |
| டிவி, வீடியோ | பத்து நிமிடம் | முன்பே இறக்கியிருந்தால் கொஞ்சம் ஓடும் | அடுத்த வீடியோ | அறிவியல், இங்கிலீஷ் |
| கட்டண ஆப் | குறைவு | நின்றுவிடும் | தானாகக் கழியும் பணம், கையெழுத்து | வாய்ப்பாட்டுப் பழக்கம் |
| ஒர்க்‌ஷீட் | இரவில் பத்து நிமிடம் | பாதிப்பில்லை | திருத்தாத தப்பு | தானாக வாசிக்கும் பிள்ளை |
| ட்யூஷன் | இல்லை | பாதிப்பு குறைவு | மனப்பாடம், மாதக் கட்டணம் | பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு |
| கதை, விளையாட்டு | அரை மணி முதல் ஒரு மணி | பாதிப்பில்லை | குப்பை, சண்டை | 1 முதல் 3ஆம் வகுப்பு, குறுகிய மூடல் |

## அப்போ எந்த வீட்டுக்கு எது

ஒன்றிரண்டு நாள் மழை விடுமுறை என்றால் எதையும் வாங்கவேண்டாம். ஒரு ஆட்டம், வாய்விட்டு ஒரு கதை, ஐந்து வரி எழுத்து. மிச்ச நேரம் காகிதக் கப்பல் விடட்டும். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்திருக்கிற நாளில் இந்தக் கட்டுரையையும் மறந்துவிடுங்கள், பிள்ளையைக் காயவைத்துச் சாப்பாடு கொடுத்தால் போதும்.

ஒரு வாரம், பத்து நாள் என்றால் காலையில் ஒர்க்‌ஷீட், மாலையில் விளையாட்டு, இரவில் திருத்தல். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் ட்யூஷனோ பாட்டி வீடோ சேர்த்துக்கொள்ளலாம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன கண்புரைப் பாட்டியை ஞாபகப்படுத்துகிறேன். அவருக்கு எழுத்து தெரியவேண்டியதில்லை, கதை புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதையே பிள்ளைக்கு வேலையாகக் கொடுங்கள், தினமும் பாட்டிக்கு ஒரு பக்கம்.

மாதக்கணக்கில் என்றால் ஆசிரியரோடு தொடர்பு அறுந்துபோகக்கூடாது. அங்கே ஆன்லைன் வகுப்பைச் சேர்த்தே ஆகவேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது. அதோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை முந்தின வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், திணறல் கூடுகிறதா குறைகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கொரோனாவில் நிறையப் பெற்றோர் வகுப்பில் சேர்ந்தானா என்று பார்த்தார்கள், வாசிக்கிறானா என்று பார்க்கவில்லை, நானும் என் மகனுக்கு முதல் ஆறு மாதம் அப்படித்தான் ஏமாந்தேன்.

ஐப்பசிக்கு முன் நான் ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்து வைப்பது இவ்வளவுதான்: எழுபது புளியங்கொட்டை, தாயக்கட்டை, ஈர்க்குச்சிக் கட்டு பத்து, சாக்பீஸ், பென்சில், ஷார்ப்னர், ரூல் போட்ட நோட்டு இரண்டு, நான்கைந்து கதைப் புத்தகம், நேர் டப்பா, ஸ்கேல், டார்ச். கொட்டையை மட்டும் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், போன வருடம் பெட்டியைத் திறந்தால் பாதியில் வண்டு.